தட்டில் வளர்ந்ததும் செவுளில் இருந்ததும்

கொத்தமங்கலம்

அன்புள்ள பேத்திக்கு,

அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் படிக்கப் போகிறாய் என்று உன் ஆத்தா சொன்னாள். மிகுந்த மகிழ்ச்சி. கடல் அமீபாவை எப்படி வளர்ப்பது, எப்படி இனம் காண்பது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

வடிகட்டிய கடல்நீர் 750 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 250 மில்லி, அகார் 15 கிராம். மால்ட் சாறும் ஈஸ்ட் சாறும் வகைக்கு 0.1 கிராம் போதும். அமீபாவுக்கு இரை பாக்டீரியா. ஊட்டம் கூடினால் பாக்டீரியாவும் பூஞ்சையும் மண்டி அமீபாவை மூழ்கடித்துவிடும். இதை ஆட்டோகிளேவில் கிருமி நீக்கித் தட்டில் ஊற்றி, உறைந்ததும் நடுவில் கடல் வண்டல் ஒரு துளி வை. சில நாளில் அமீபாக்கள் இரை தேடி ஓரம் நோக்கி ஊரும். முன்னே போனவை இருக்கும் இடத்தில் அகாரைச் சிறு துண்டாக வெட்டி, புதுத் தட்டில் கவிழ்த்து வை. ஒரே இனம் மிஞ்சும்வரை இப்படியே மாற்றிக்கொண்டிரு.

அகாரின் மேல் இருக்கும்போதே பெயர் சூட்டிவிடாதே. ஒரு துளி கடல்நீரில் ஸ்லைடுக்கு மாற்றி, அது கண்ணாடியைப் பற்றி நகரும்வரை பொறுத்திரு. வானெல்லா என்ற அமீபா விசிறியாய் விரிந்து நகரும். முன்பாதி துகளில்லாமல் தெளிந்திருக்கும். நியோபாரமீபா விரல் விரலாய்ப் பொய்க்கால் நீட்டும். உட்கருவை ஒட்டி இன்னோர் உருண்டை தெரியும். அது அமீபாவுக்குள் குடியிருக்கும் வேறோர் உயிர். ஃப்ரெடெரிக் பேஜ் 1983இல் வெளியிட்ட கடல் அமீபாக் கையேட்டுக்கும் இந்த நடைதான் அடிப்படை. ஆனால் நெருங்கிய இனங்களை நடை பிரித்துக் காட்டாது. அங்கே 18எஸ் என்னும் ரைபோசோம் மரபணுவைப் படித்தே ஆக வேண்டும்.

தட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். டாஸ்மேனியாவின் சால்மன் பண்ணைகளில் 1980களில் செவுள் நோய் பரவியது. நோயுற்ற செவுளிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்தபோது வந்தது நியோபாரமீபா பெமாக்விடென்சிஸ். பல ஆண்டுகள் பழி அதன்மேல்தான். ஆனால் வளர்த்த அமீபாவை நல்ல மீன்களிடம் விட்டபோது நோய் வரவில்லை. 2007இல் செவுள் திசுவிலேயே மரபணுவைத் தேடினார்கள். அங்கே இருந்தது வேறோர் இனம். நியோபாரமீபா பெருரான்ஸ் என்று பெயரிட்டார்கள். அதை ஆய்வகத்தில் வளர்த்து, மீனுக்குக் கொடுத்து, நோய் வருவதை 2012இல் மெய்ப்பித்தார்கள்.

தட்டில் வளர்வது, நீ போட்ட சோற்றுக்கு இணங்கி வந்த உயிர் மட்டுமே. கடலில் வேலை செய்வது அதுதான் என்று அது சாட்சி சொல்லாது. ஆகவே எடுத்த மாதிரியில் பாதியை வளர்ப்புக்கு வை. மறுபாதியை அப்போதே மரபணு ஆய்வுக்கு எத்தனாலில் போட்டு வை. தட்டின் அடியில் இடம், தேதி, எதன்மேல் கிடைத்தது, எத்தனையாவது மாற்றம் என்று எழுது. அந்தக் குறிப்பு இருந்தால்தான், நாளைக்கு ஒருவர் உன் முடிவு தவறு என்று கண்டாலும், உன் சேகரிப்பைக் கொண்டே அதைத் திருத்த முடியும்.

அன்புடன்,
உன் ஐயா