காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர் தேவையா?

உங்கள் மேஜை மேல் மட்டுமல்ல, காரிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. இதன் பெயர் இ.சி.யு. இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் அளவை சென்சார் மூலம் அறிந்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் இது அனுப்பும்.

"அதிகக் காற்று, அதிக மைலேஜ்" என்று விற்கப்படும் பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர்கள் உண்மையில் பலன் தருமா? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தும் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. அடைப்பே மைலேஜைக் குறைக்காதபோது, புது ஃபில்டர் மட்டும் எப்படிக் கூட்டும்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் பாதைகளிலும் கல்குவாரிச் சாலைகளிலும் ஓடும் காருக்கு, தூசியைத் தடுப்பதே முக்கியம். காற்றை எளிதாக விடும் ஃபில்டர் நுண்தூசியையும் விட்டுவிடலாம். அது சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். எண்ணெய் தடவும் வகை ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால், சில கார்களில் சென்சாரில் படியும். தவறான டேட்டா கொடுத்தால் கம்ப்யூட்டர் தவறான விடைதானே தரும்?

எனவே, கம்பெனி பேப்பர் ஃபில்டரே போதும். அதைத் தண்ணீரில் கழுவாதீர்கள். தூசிச் சாலையில் அதிகம் ஓட்டுபவர்கள், கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.