தோட்டக் குளத்து மீன்களின் அச்சமும் அதன் விலையும்

பெங்களூரில் அலசூர் ஏரியை அடுத்துள்ள நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் ஜோகுபாளையமும் ஒன்று. சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியில் நீர்க்காகமும் மடையானும் கூழைக்கடாவும் இரை தேடுகின்றன. இறக்கை படைத்த உயிர்களுக்கு ஏரிக்கரைக்கும் வீட்டு மாடிக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு பொருட்டன்று. இத்தகைய இடத்தில் முற்றத்திலோ மாடியிலோ சிமெண்டுத் தொட்டி கட்டித் தங்கமீன் விடுபவர், ஏரிப் பறவைகளுக்கும் சேர்த்தே தொட்டி கட்டுகிறார் எனலாம். சில நாட்களில் இரண்டொரு மீன்கள் காணாமற்போகின்றன. எஞ்சியவை அடியில் மூலையோடு மூலையாக ஒடுங்கிவிடுகின்றன. அவை நோயுற்றன என்று கருதி மருந்திடுவோரும், பசித்திருக்கின்றன என்று கருதி மேலும் தீனி கொட்டுவோரும் உண்டு. இரண்டுமே தவறான கணிப்பாகும்.

கொன்றுண்ணிகளால் ஏற்படும் இழப்பை நாம் பெரும்பாலும் களவு போன மீன்களின் எண்ணிக்கையைக் கொண்டே அளக்கிறோம். கணக்கேட்டில் ஏறாத மற்றோர் இழப்பும் உள்ளது. அஞ்சிய மீன் உண்பதில்லை. உண்ணாத மீன் வளர்வதில்லை. உண்ணப்படாத தீனி அழுகி நீரில் அம்மோனியாவைப் பெருக்குகிறது. இதனைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடைபெற்று 1983இல் வெளியாயிற்று. வெர்னர் என்பாரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஒரு குளத்தை நடுவே தடுத்து, ஒரு பாதியில் மட்டும் கொன்றுண்ணி மீன்களை விட்டனர். அந்தப் பாதியில் இருந்த சிறிய மீன்கள், இரை மிகுந்த திறந்த நீரைக் கைவிட்டுச் செடிகளுக்குள் ஒதுங்கின. அதனால் அவற்றின் வளர்ச்சியும் குன்றியது. விழுங்க முடியாத அளவுக்குப் பெரியவையாக இருந்த மீன்களோ திறந்த நீரில் தாராளமாக மேய்ந்தன.

மீனின் அச்சத்திற்கு உடலியல் அடிப்படை உண்டு. கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன் ஒன்று காயமுற்றால், அதன் தோலிலிருந்து நீரில் கலக்கும் ஒரு பொருள் ஏனைய மீன்களைக் கலவரப்படுத்துகிறது என்பதைக் கார்ல் வான் பிரிஷ் 1938இல் அறிவித்தார். தங்கமீனும் கோய் மீனும் இக்கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே மடையான் ஒரு மீனைக் கொத்தித் தூக்கிச் சென்றால், அச்செய்தி குளம் முழுவதும் பரவிவிடுகிறது. மேலும், இவ்வின மீன்களின் காற்றுப்பையையும் உட்செவியையும் சிறிய எலும்புகள் இணைப்பதால் அவற்றின் கேள்வித் திறன் கூர்மையானது. தொட்டியின் விளிம்பில் வாளியை ‘டங்’கென்று வைப்பதும், சிறுவர்கள் கைவலையால் துரத்துவதும், பறவைக்கு நிகரான பீதியைக் கிளப்புகின்றன. வீட்டுக்காரரே கொன்றுண்ணியின் வேலையில் பாதியைச் செய்துவிடுவது இங்கே கவனிக்கத்தக்கது.

எனவே பரிகாரம் குளத்திற்குள்ளேயே தொடங்க வேண்டும். ஒளிய இடமுள்ள மீன் ஒளிந்தே கிடக்கும் என்பது பொதுவான எண்ணம். நடைமுறை இதற்கு மாறானது: ஓடி ஒளிய ஓரிடம் அருகில் உண்டு என்று பழகிய மீனே துணிந்து வெளியே வருகிறது. கழுத்துடைந்த மண்பானையைப் பக்கவாட்டில் படுக்க வைக்கலாம். கூரை ஓடுகளைக் கூடாரம்போல் சாய்க்கலாம். அகலமான குழாய்த் துண்டுகளை அடியில் இடலாம். இருபுறமும் திறந்த குழாயே நல்லது, ஏனெனில் ஒரு வாயில் மட்டும் உள்ள மறைவிடம் நீர்ப்பாம்பு நுழைந்தால் பொறியாகிவிடும். நன்னீர் இறால் வளர்ப்பில் தோலுரித்த இறால்கள் ஒன்றையொன்று தின்னாதிருக்க ஓடுகளும் குழாய்களும் இடுவது நெடுநாளைய வழக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக் காயல்களில் மரக்கிளைகளை நட்டு மீன்களுக்குப் புகலிடம் அமைத்து, பின்னர் அங்கேயே அறுவடை செய்யும் ‘அகாஜா’ முறையும் இவ்வகையினதே.

குளத்தின் வடிவமும் முக்கியமானது. மடையானும் கொக்கும் நின்று குத்துபவை. அவற்றுக்குக் கால் ஊன்ற ஆழமற்ற ஓரம் வேண்டும். படிப்படியாகச் சரியும் அழகான கரை அவற்றுக்கே வசதி. சுவர் செங்குத்தாகவும், நீர் சுமார் 3 அடி ஆழத்துடனும், நீர்மட்டம் விளிம்பிலிருந்து ஒரு சாண் தாழ்ந்தும் இருப்பது நலம். வெளிர்நீலம் பூசிய தரையில் செந்நிற மீன் விளக்கிட்டதுபோல் தெரியும். கருமையான தரை அதனை ஓரளவு மறைக்கும்.

அல்லியும் தாமரையும் நல்ல நிழல் தருபவை. ஆயினும் அளவு மீறலாகாது. 2016 மார்ச்சில் அலசூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து நீரில் பிராணவாயு குறைந்ததே காரணமாகக் கூறப்பட்டது. சிறு தொட்டியிலும் இந்நிலை நேரலாம். செடிகள் இரவில் பிராணவாயுவை உட்கொள்கின்றன. உதிர்ந்து அழுகும் இலைகளும் அதனையே செலவிடுகின்றன. நீர்ப்பரப்பில் பாதிக்குமேல் இலை மூடாமல் பார்த்துக்கொள்வது விவேகம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து நிற்பதைக் கண்டு, ‘கூச்சம் தெளிந்துவிட்டது’ என்று மகிழ்பவர்கள் உடனே நீரை மாற்றவோ காற்றூட்டவோ வேண்டும். அது மூச்சுத் திணறல்.

கொசு ஒழிப்புக்காகத் தொட்டிகளில் கப்பி மீன் விடும் சுகாதார அலுவலர்களுக்கும் இப்பொருளில் அக்கறை உண்டு. கொசுப்புழு வாழ்வது நீரின் மேற்பரப்பில். பறவைக்கு அஞ்சி அடியில் பதுங்கிய கப்பி அதனைத் தின்னப்போவதில்லை. இலைகள் அடர்ந்து மூடினாலும் புழுக்களுக்கே பாதுகாப்பு. மறைவிடம் அடியிலும் திறந்த நீர் மேலுமாக அமைவதே இங்கு ஏற்றது.

வலையைப் பொறுத்தவரை, நீருக்கு ஓர் அடி மேலே, சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் பறவை சிக்கி மாய்கிறது. கொக்கு, நீர்க்காகம் முதலியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கல்லெறிவதும் நஞ்சு வைப்பதும் வழியல்ல. பொம்மையும் பளபளக்கும் நாடாவும் சில நாட்களே பலிக்கும். பறவைகள் அவற்றின் ஏமாற்றை விரைவில் அறிந்துகொள்கின்றன.

இத்தனையும் செய்த பின்னரும் கூச்சம் உடனே அகலாது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், மெதுவாக அணுகி, சில நிமிடங்களில் தின்று தீரும் அளவே தீனி இட வேண்டும். முதலில் மறைவிடத்தின் வாயிலிலேயே இட்டு, மீன்கள் தயங்காமல் உண்ணத் தொடங்கியபின் நாளுக்குச் சிறிதாக அவ்விடத்தைத் திறந்த நீரை நோக்கி நகர்த்தலாம். துணிச்சலான ஓரிரு மீன்களைக் கூட்டத்தில் சேர்ப்பதும் பயன் தரும். அவை உண்பதைக் கண்டு மற்றவையும் வரும்.

வருமானத்துக்காக அலங்கார மீன் வளர்ப்போருக்கு இது பொழுதுபோக்குப் பிரச்சினையன்று. 2020இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு அதில் 40 விழுக்காடும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியம். இத்தகைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலர், தொட்டியின் நீள அகலத்துடன் வலைச் சட்டம், மறைவிடம், நீர்மட்டத்திற்கும் விளிம்பிற்கும் இடையிலான உயரம் ஆகியவற்றையும் வரைபடத்தில் கேட்டுப் பெறலாம். பழைய ஓடுகளும் உடைந்த பானைகளும் மதிப்பீட்டில் ஒரு வரியைக்கூடப் பிடிக்கமாட்டா.