உதவி கேளுங்க, சாவியைக் கொடுக்காதீங்க



முகாம் பதிவு, உபகாரச் சம்பள மனு, கோயில் நிர்வாகக் கணக்கு என்று எது வந்தாலும் நாம் முதலில் செய்வது என்ன? அடையாள அட்டையைப் படம் எடுக்கிறோம். பிறப்புப் பத்திரம், அப்பாவின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். அது யார் கணினியில் எத்தனை வருஷம் கிடக்கும், யார் கண்ணில் படும் என்று நாம் கேட்பதில்லை. மோசடிக்காரன் போன் பண்ணி நம்ம பேரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்லும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த மாதிரிக் கோப்புகளைப் பூட்டி அனுப்ப இலவசமாகவே நல்ல மென்பொருள் இருக்கிறது. நான் பொறியியல் படிக்கும் மாணவன். கொஞ்ச காலமாக சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்து நண்பர்களுக்கு அதை அமைத்துக்கொள்ள உதவி வருகிறேன். பின்னால் இருக்கும் கணக்கைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாரும் ஒரு கட்டத்தில், "நீயே செஞ்சு குடுத்துடேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பாடம் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

1. உண்டியலும் இரண்டு சாவியும்

கோயில் உண்டியலை நினைத்துப் பாருங்க. மேலே இருக்கும் துளையில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். போட்ட காசைப் போட்டவராலும் திரும்ப எடுக்க முடியாது. சாவி வைத்திருப்பவர் மட்டும்தான் திறக்கலாம்.

பொதுச் சாவிக் குறியாக்கமும் இப்படித்தான். மென்பொருள் உங்களுக்கு ஒரு சாவிச் சோடியை உருவாக்கித் தரும். ஒன்று பொதுச் சாவி. அது உண்டியலின் துளை மாதிரி, ஊருக்கே கொடுக்கலாம். மற்றொன்று தனிச் சாவி. அது உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். உங்கள் பொதுச் சாவியால் பூட்டிய கோப்பை உங்கள் தனிச் சாவி மட்டுமே திறக்கும்.

இந்த யோசனையை 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அதைச் செயல்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகள்தான் ஆர்எஸ்ஏ. சாதாரண மக்களும் வீட்டுக் கணினியில் பயன்படுத்தும்படி 1991-ல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டார். அது நாடு கடந்து பரவியதற்காக அமெரிக்க அரசு அவரை விசாரித்தது. 1996-ல் வழக்குப் போடாமலே விசாரணையை முடித்துக்கொண்டது. இன்று நாம் இலவசமாகப் பயன்படுத்தும் க்னூபிஜி அதே வழியில் வந்த மென்பொருள்.

2. முத்திரையும் கையொப்பமும்

சாவிச் சோடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தனிச் சாவியால் ஒரு கோப்பில் கையொப்பம் இடலாம். உங்கள் பொதுச் சாவி வைத்திருக்கும் எவரும் அந்தக் கையொப்பம் உங்களுடையதுதானா என்று சோதிக்கலாம்.

இதற்கு நம்ம மாநிலத்தோடு தொடர்புள்ள ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். கடாரம் என்பது இன்றைய கெடா என்று வரலாற்று ஆசிரியர்கள் கொள்கிறார்கள். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினார். அதற்கு முதலாம் ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடையாக எழுதி வைத்தான். அந்த ஆவணம் 21 செப்பேடுகள். எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தில் ராஜேந்திர சோழனின் முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். லெய்டன் செப்பேடுகள் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள்.

முத்திரையை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பதிக்கும் உரிமை அரசனுக்கு மட்டும். வளையத்தை அறுக்காமல் ஒரு ஏட்டை உருவவும் முடியாது, புதிதாகச் செருகவும் முடியாது. மின்கையொப்பமும் இதையே செய்கிறது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. மலேசியாவில் மின்கையொப்பச் சட்டம் 1997-ல் இயற்றப்பட்டு 1998 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டம் உரிமம் பெற்ற சான்றிதழ் நிறுவனங்களை வைத்து இயங்குகிறது. வீட்டில் நாமே உருவாக்கும் பிஜிபி சாவி அந்தக் கணக்கில் வராது. நமக்குள் சரிபார்த்துக்கொள்ளத்தான் அது உதவும்.

3. உதவி கேட்பது வெட்கமில்லை

"இது ஐடி படிச்சவங்களுக்குத்தான்" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். படித்தவர்களுக்கே இது சிரமமாகத்தான் இருந்தது என்பதற்கு இரண்டு சான்று சொல்கிறேன்.

1999-ல் ஆல்மா விட்டன், டைகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 12 பேரைக் கூப்பிட்டு, பிஜிபியைக் கொடுத்து, 90 நிமிட நேரமும் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரே சரியாகப் பூட்டிக் கையொப்பமிட்டு அனுப்பினார்கள். மூன்று பேர் ரகசியச் செய்தியைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். பலர் பெறுபவரின் பொதுச் சாவிக்குப் பதிலாகத் தங்கள் சொந்தப் பொதுச் சாவியால் பூட்டினார்கள். நான் உதவும் இடங்களிலும் இந்தக் கடைசிக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது எட்வர்ட் ஸ்னோடன். அமெரிக்க உளவுத் துறையின் ரகசியங்களை வெளியிடுவதற்கு முன், 2012 டிசம்பரில் கிளென் கிரீன்வால்ட் என்ற செய்தியாளருக்கு எழுதி, பிஜிபி அமைக்கச் சொன்னார். எப்படி அமைப்பது என்று காணொளிகூட செய்து அனுப்பினார். அவர் அமைக்கவில்லை. பிறகு ஸ்னோடன் லாரா பொய்ட்ரஸ் என்ற ஆவணப்பட இயக்குநரைத் தேடிப் போனார். அவருடைய சாவி எது என்று கேட்க மைக்கா லீ என்ற கணினி வல்லுநருக்கு எழுதினார். அந்த முதல் கடிதத்தில் தன் பொதுச் சாவியை இணைக்க ஸ்னோடனே மறந்துவிட்டார்!

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்க. பொய்ட்ரஸின் சாவி உண்மையில் அவருடையதுதானா என்று உறுதி செய்ய, அதன் விரல்ரேகை எண்ணை டுவிட்டரில் பொதுவில் போடும்படி ஸ்னோடன் லீயிடம் கேட்டார். லீயும் போட்டார். பொதுவில் போடக்கூடியதை மட்டும்தான் லீ போட்டார். யாருடைய தனிச் சாவியும் அவர் கைக்கு வரவில்லை. உதவி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

4. நம்ம பழக்கம்

எங்கள் பாட்டி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோவார்களாம். அவர்தான் படித்துக் காட்டுவார், பதிலும் எழுதுவார். லயத்தில் யார் வீட்டில் கடன், யார் வீட்டில் சண்டை என்று எல்லாம் அவருக்குத் தெரியும். நல்ல மனிதராக இருந்தால் பிரச்சனை இல்லை. எல்லாரும் அப்படி இருப்பார்களா?

இன்று எல்லாருக்கும் படிக்கத் தெரியும். ஆனாலும் பென்ஷன் வாங்கும் தாத்தா ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் சேர்த்துக் கொடுக்கிறார். இணையத்தில் மனு போடத் தெரியாத அக்கா கடைக்காரரிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறார். நம்மிடையே சாவியைக் கொடுப்பது நம்பிக்கையின் அடையாளம். கேட்காமல் இருப்பது மரியாதை. அந்த மனசு நல்ல மனசுதான். ஆனால் பின்னால் ஏதாவது நடந்தால் கொடுத்தவருக்கும் கஷ்டம், வாங்கியவர் மேலும் சந்தேகம்.

கோயில் கணக்கைப் பார்க்கும் ஒரு மாமா என்னிடம் சொன்னார்: "தம்பி, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலை ஒத்துவராது. நீயே ஒரு பாஸ்வேர்டு போட்டு பேப்பர்ல எழுதிக் குடுத்துடு."

"மாமா, உண்டியல் சாவியை என்கிட்ட குடுப்பீங்களா?"

"அது எப்படிப்பா குடுக்க முடியும்? கமிட்டி கேக்காதா?"

"அப்ப இதையும் குடுக்காதீங்க. நான் பக்கத்துல உக்காருறேன். நீங்களே தட்டுங்க."

ஒரு மணி நேரம் ஆனது. ஒரு விரலால்தான் தட்டினார். ஆனால் அந்தச் சாவி அவருடையது. நாளைக்குக் கணக்கில் ஒரு கேள்வி வந்தால் அவரும் நிமிர்ந்து பதில் சொல்லலாம், நானும் சொல்லலாம்.

5. அமைக்கும் முறை

விண்டோஸ் கணினியில் ஜிபிஜி4வின் என்ற தொகுப்பை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்குங்க. அதில் கிளியோபாட்ரா என்ற சாவி மேலாளர் இருக்கும். மின்னஞ்சலுக்கு தண்டர்பேர்ட் பயன்படுத்துபவர்களுக்கு 2020-ல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே உண்டு. உதவுபவர் பக்கத்தில் இருக்கட்டும். விசைப்பலகை உங்கள் கையில் இருக்கட்டும்.

முதல் படி: உங்கள் சொந்தக் கணினியிலேயே சாவிச் சோடியை உருவாக்குங்க. வேறொருவர் கணினியில் உருவாக்கிப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: கடவுத்தொடர் வைக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்க. பிறந்த தேதி, கார் எண் வேண்டாம். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்க. அதைத் தட்டும்போது உதவுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் திரும்பாவிட்டால் நீங்க சொல்லலாம், அதில் தப்பில்லை.

மூன்றாம் படி: சாவிக்குக் காலாவதித் தேதி போடுங்க. இரண்டு வருஷம் போதும், பிறகு நீட்டிக்கலாம்.

நான்காம் படி: தனிச் சாவியின் நகலையும், ரத்துச் சான்றிதழையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டில் பத்திரங்களோடு வையுங்க. கணினி தொலைந்துபோனால் அந்தச் சான்றிதழை வெளியிட்டு, "இந்தச் சாவி இனி செல்லாது" என்று அறிவிக்கலாம். தனிச் சாவி தொலைந்தாலோ கடவுத்தொடர் மறந்தாலோ பழைய கோப்புகளை யாராலும் திறக்க முடியாது. மென்பொருள் எழுதியவராலும் முடியாது.

ஐந்தாம் படி: நண்பரின் பொதுச் சாவி கிடைத்ததும் அதன் விரல்ரேகையைச் சரிபாருங்க. 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையுள்ள குறிகளில் 40 வரும், நான்கு நான்காகப் பிரித்திருக்கும். சாவி மின்னஞ்சலில் வந்தால் விரல்ரேகையை நேரிலோ, குரல் தெரிந்த தொலைபேசி அழைப்பிலோ படித்து ஒப்பிடுங்க. இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். இதை விட்டால், நடுவில் ஒருவன் தன் சாவியை நண்பரின் பெயரில் நீட்டினாலும் நமக்குத் தெரியாது.

6. தடங்கல் வந்தால்

"நோ சீக்ரெட் கீ" என்று வந்தால், அந்தக் கோப்பு இந்தக் கணினியில் இல்லாத ஒரு சாவிக்காகப் பூட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அனுப்பியவர் தன் சொந்தச் சாவியாலேயே பூட்டியிருப்பார். உங்கள் பொதுச் சாவியைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப அனுப்பச் சொல்லுங்க.

"நோ பப்ளிக் கீ" என்று வந்தால், கையொப்பத்தைச் சோதிக்க அவருடைய பொதுச் சாவி உங்களிடம் இல்லை. கேட்டு வாங்குங்க.

சாவி இன்னும் உறுதி செய்யப்படவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். ஐந்தாம் படியைச் செய்யவில்லை என்று மென்பொருள் நினைவூட்டுகிறது.

தூரத்தில் இருப்பவரிடம் உதவி கேட்டால் இவற்றைச் சொல்லுங்க: எந்தக் கணினி, மென்பொருளின் எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், திரையில் வந்த வாசகம் வார்த்தைக்கு வார்த்தை என்ன. "வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. தனிச் சாவிக் கோப்பு, கடவுத்தொடர் இந்த இரண்டும் எந்தச் சிக்கலைத் தீர்க்கவும் அடுத்தவருக்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்க.

7. எல்லை எது?

இந்த மென்பொருள் கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பூட்டும். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதை மறைக்காது. தலைப்பு வரியும் பல நேரம் வெளியே தெரியும். அதனால் தலைப்பில் பெயரோ அடையாள அட்டை எண்ணோ எழுத வேண்டாம். திறந்த பிறகு கோப்பைக் காப்பது பெறுபவரின் பொறுப்பு.

வாட்ஸ்அப் 2016-லிருந்து எல்லாருக்கும் இதே பொதுச் சாவி முறையில் செய்திகளைப் பூட்டுகிறது. சாவி வேலை நம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிறது. அங்கேயும் ஒரு சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது: குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்க எண். அதைத் தெரிந்தவர் கேட்டாலும் சொல்லக்கூடாது. கேட்பவர் உண்மையில் அவர்தானா என்று உங்களுக்குத் தெரியாது. ஏமாந்து வங்கிப் பணம் போனால் உடனே 997-க்கு அழையுங்க.

பயிற்சி

1. உங்கள் கிளையில் இரண்டிரண்டு பேராகச் சேருங்க. ஒருவர் சாவி உருவாக்க, மற்றவர் விசைப்பலகையைத் தொடாமல் வாயால் மட்டும் வழி சொல்லட்டும். பிறகு மாறிக்கொள்ளுங்க.

2. பொதுச் சாவிகளைப் பரிமாறி, விரல்ரேகையை உரக்கப் படித்து ஒப்பிடுங்க.

3. ஒரு கடிதத்தைப் பூட்டிக் கையொப்பமிட்டு அனுப்புங்க. பெறுபவர் திறந்து, கையொப்பத்தையும் சோதிக்கட்டும்.

4. வீட்டில் யாருடைய ஏடிஎம் பின் எண்ணாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், அதை மாற்ற அவரை இந்த வாரம் இயந்திரத்துக்கு அழைத்துப் போங்க. அவரே மாற்றட்டும். நீங்க முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்க.