கோடைக் காற்றும் சரக்கின் எடையும்

கோடை பிறந்தால் நம் கடைகளில் ஒரு வழக்கு தவறாமல் வரும். வாங்கியபோது சரியாக நின்ற மூட்டை, இரண்டு மாதம் கழித்து நிறுத்தால் எடை குறைந்திருக்கும். மில்காரர் குறைத்து அனுப்பினார் என்போம். அல்லது கடைப் பையனைச் சந்தேகிப்போம். பல சமயங்களில் இருவர் மீதும் குற்றமில்லை. எடையை எடுத்துச் சென்றது வறண்ட காற்று.

நெசவாளர் அறிந்த பாடம்

பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஆரணியில், இந்த உண்மையை முதலில் அறிந்தவர்கள் நெசவாளர்கள். காற்று வறண்டால் பட்டு இழை விறைத்து, அடிக்கடி அறும். குழித்தறியில் மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் பாவுக்குத் துணை நிற்கின்றன. தெருவில் பாவு நீட்டும் வேலையை வெயில் ஏறுமுன் விடியற்காலையில் முடிப்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

பட்டு சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக் கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. எடை போட்டு விற்கும் பொருளில் இது பெரிய தகராறுக்கு இடம். அதனால்தான் 1805-ல் பிரான்சின் லியோன் நகரில் பட்டின் ஈரத்தைச் சோதித்து எடை சொல்லும் பொது நிலையம் அரசாணையால் ஏற்பட்டது. முற்றும் உலர்ந்த 100 கிலோ பட்டுக்கு 11 கிலோ ஈரம் சேர்த்து 111 கிலோ என்று கணக்கிடுவது இன்றும் வணிக வழக்கம்.

மரமும் இப்படித்தான். கிடார் விற்பவர்கள் அறைக்காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்கிறார்கள். அதற்குக் கீழே வெகுவாக இறங்கினால் மரம் சுருங்கி, பலகை வெடிக்கும்.

அரிசிக் கணக்கு

அரசுக் கொள்முதலில் அரிசிக்கு ஈரப்பத வரம்பு 14 சதவீதம். அதாவது 100 கிலோ அரிசியில் 14 கிலோ தண்ணீர். 86 கிலோ உலர்பொருள். வறண்ட காற்றில் ஈரம் 12 சதவீதமாக இறங்கினால், அந்த 86 கிலோ மொத்த எடையில் 88 சதவீதம் ஆகிறது. மூட்டையின் எடை 97.73 கிலோ. குறைவு 2 கிலோ 270 கிராம்.

இதே கணக்கில் 26 கிலோ சிப்பத்துக்குச் சுமார் 590 கிராம் குறையும். கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 35 ரூபாய். சிப்பத்துக்கு நமக்கு நிற்கும் லாபத்தில் இது சிறிய தொகையல்ல. மேலும், நாமே பொட்டலம் கட்டி விற்பதில் அச்சிட்ட எடை அனுமதித்த அளவுக்கு மேல் குறைந்தால், எடையளவுச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

அளந்து பாருங்கள்

ஈரப்பதமானி சிறிய விலையில் கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்பதை நம் கடை உப்பைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல் ஆகுமளவு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். உப்பு கருவி மேல் படக்கூடாது. காலையில் கருவி 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், அந்தக் கருவி 5 குறைத்துச் சொல்கிறது என்று கணக்கில் கொள்ளுங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. சரக்கு இறங்கிய அன்றே மூட்டைகளை நிறுத்து, தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். கொள்முதல் பெரிதானால், மில்லில் ஈரம் அளக்கும் கருவியில் காட்டிய அளவையும் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள்.

2. வாய் திறந்த மூட்டை மீது மின்விசிறிக் காற்று நேராக அடிக்க விடாதீர்கள். அன்றாட விற்பனைக்கு வேண்டிய அளவை மட்டும் திறந்து வையுங்கள்.

3. மிளகாய் வற்றல் அதிகம் காய்ந்தால் நொறுங்கி விதை கொட்டும். ஏலக்காய் வெடித்து வாசனை போகும். இவற்றுக்கு மூடியுள்ள டப்பாவே நல்லது.

4. குடோன் காற்று 50 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் தானியத்துக்கு நல்லது. 70-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் ஆபத்து உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெல்லம் கசியும். 75-ஐத் தாண்டினால் உப்பும் நீர் விடும்.

தண்ணீர் தெளிக்கலாமா?

இழந்த எடையை மீட்கச் சாக்கின் மீது தண்ணீர் தெளிக்கும் யோசனை சிலருக்குத் தோன்றலாம். அது கூடவே கூடாது. உலர்ந்த அரிசி திடீரென்று ஈரம் இழுத்தால் மணியில் கீறல் விழும், நொய் பெருகும். மூட்டைக்குள் பூஞ்சை வளர்ந்தால் உண்பவருக்கும் கேடு. போன எடையைத் திரும்பப் பெற நேர்மையான வழி கிடையாது. போகாமல் காக்கத்தான் வழி உண்டு.

அடுத்த முறை எடை குறைந்தால், மில்காரருக்குக் கடிதம் எழுதுமுன், பையனை விசாரிக்குமுன், நோட்டையும் ஈரப்பதமானியையும் பாருங்கள். குறைவு காற்றின் கணக்குக்குள் அடங்கினால் நல்ல உறவு ஒன்று வீணாகக் கெடாது. அடங்காவிட்டால், பேசுவதற்கு நம் கையில் ஆதாரம் இருக்கும்.