இரவல் உளி

'இரவல்' என்ற சொல் கேட்காத வாரம் நம் வீடுகளில் இல்லை. பக்கத்து வீட்டு ஏணி நம் வாசலில் நிற்கிறது. நம் கடப்பாரை யார் வீட்டில் இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அரிசி ஒரு படி வாங்கினால் வேறு அரிசி ஒரு படி திருப்பித் தருகிறோம். திருக்குறளில் இதற்குக் 'குறியெதிர்ப்பை' என்று ஒரு பெயரே உண்டு. இரவல் அப்படியன்று. வாங்கிய அதே பொருள், வாங்கிய நிலையிலேயே திரும்ப வேண்டும். வகுப்பில் கேட்டபோது இது எங்களுக்கு எளிதாகத் தோன்றியது. அடி அண்ணாமலையில் ஒரு தச்சுப்பட்டறைக்குப் போன பிறகுதான் அதன் பாரம் புரிந்தது.

கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே உள்ளது அந்த ஊர். எங்களோடு படிக்கும் ஒருத்தியின் உறவினர் அங்கே பட்டறை வைத்திருக்கிறார். கைத்தொழில் வகுப்புக்காக அவரைக் காணச் சென்றோம். அவர் முதலில் எடுத்துக் காட்டியது ஓர் உளி. மற்ற உளிகளைவிட அது ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது.

கதவு நிலையில் கீல் பதிக்க வேண்டும் என்று அவருடைய அக்காள் மகன் அதை வாங்கிப் போனானாம். வேலை ஒரே நாளில் முடிந்தது. உளி மட்டும் திரும்பவில்லை. அவன் தம்பி அதை எடுத்துச் சுவரில் சிமெண்டைப் பெயர்த்தான். முனை மூன்று இடத்தில் உடைந்தது. பயந்துபோன பிள்ளைகள் மின்சாரச் சாணையில் அதை அழுத்திப் பிடித்தார்கள். முனை சூடேறி நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் பாய்ந்த எஃகு பதம் இழந்துவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அந்தப் பகுதி முழுவதையும், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, தேய்த்து எடுத்தாக வேண்டும். தச்சருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. "ஏன்டா தம்பி, ஒரு இரும்புத் துண்டுக்காக என் பிள்ளையைப் பேசுறியே" என்றாராம் அக்காள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு அக்காள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆசிரியையிடம் கேட்டோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவரின் கடமைகள் 148ஆம் பிரிவு முதல் வருகின்றன. நிதானமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல் அதைக் காக்க வேண்டும் என்பது 151ஆம் பிரிவு. சொன்ன வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது 154. அதற்குக் காட்டும் உதாரணம் எங்களை வியக்க வைத்தது. தான் மட்டும் ஏறுவதற்காகக் குதிரையை இரவல் வாங்கியவன், அதைத் தன் குடும்பத்தில் ஒருவருக்கு விடுகிறான். அவர் கவனமாகவே ஓட்டினாலும் குதிரை தற்செயலாக விழுந்து காயப்படுகிறது. ஈடு கொடுக்க வேண்டியவன் இரவல் வாங்கியவனே. குதிரை இருந்த இடத்தில் உளியை வைத்துப் பார்த்தோம். அண்ணனும் தம்பியும் அப்படியே பொருந்தினார்கள். வேலை முடிந்ததும் கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்கிறது 160.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. தமக்குத் தெரிந்த குறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் (பிரிவு 150). இங்கே எங்களுக்கு அரசர்கள் ஆகமத்தில் வரும் கோடரி நினைவுக்கு வந்தது. யோர்தான் ஆற்றங்கரையில் மரம் வெட்டும்போது கோடரியின் இரும்பு கழன்று நீரில் விழுகிறது. அது இரவல் வாங்கியது என்று அந்த மனிதர் கலங்குகிறார். எலிசேயு அதை மிதக்கச் செய்ததைத்தான் எல்லாரும் பேசுகிறோம். காம்பு தளர்ந்திருந்தது சொந்தக்காரருக்கு முன்பே தெரியுமா என்று நாங்கள் வாதிட்டோம். தெரிந்தும் சொல்லாதிருந்தால் பழி அவருடையது என்பது எங்களில் பலருடைய தீர்ப்பு.

இன்னொன்றும் அறிந்தோம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், கடன் தீர்ப்புக்காகக் கைவினைஞரின் கருவிகளைப் பறிமுதல் செய்யக்கூடாது என்கிறது. கருவி போனால் பிழைப்பே போய்விடும் அல்லவா? நீதிமன்றமும் தொடாத பொருளை உறவுக்காரப் பிள்ளை சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறான்!

அதற்காகத் தச்சர் இரவலை நிறுத்திவிடவில்லை. அக்கம்பக்கத்தில் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வராது. இழைப்புளியையும் நல்ல உளிகளையும் மட்டும் எவருக்கும் கொடுப்பதில்லை. தனியாக ஒரு மரப்பெட்டியில் பழைய ரம்பம், சுத்தியல், அரம், குறடு, இரண்டு உளிகள் வைத்திருக்கிறார். அவை இரவலுக்கென்றே உள்ளவை. அமெரிக்காவில் பர்க்கிலி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகங்களைப் போலவே கருவிகளையும் இரவல் தருகிறது என்று ஆசிரியை சொன்னதை அவரிடம் கூறினோம். "அங்கேயும் மழுங்கத்தான் திரும்பி வருமா?" என்று கேட்டார்.

பெட்டிக்கு மேலே ஒரு பலகை. எடுப்பவரே கரித்துண்டால் பொருளையும் திருப்பும் கிழமையையும் எழுத வேண்டும். "சொந்தக்காரனிடம் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம், அம்மா. பலகைக்கு என்ன கூச்சம்?" என்றார். நாங்கள் பார்த்த அன்று அதில் ஐந்து வரிகள் இருந்தன, மூன்று அடிக்கப்பட்டிருந்தன. அடிபடாத ஒன்று, 'ரம்பம், வியாழன்'. அது அக்காள் மகனின் எழுத்தாம். அன்று புதன்கிழமை.