கள்ளக்குறிச்சியில் அரை நாள்

சென்னைக்கும் சேலத்துக்கும் நடுவே போய்வருகிற பெரும்பாலோருக்குக் கள்ளக்குறிச்சி ஒரு டீ குடிக்கிற நேரம், அவ்வளவுதான். சிங்கப்பூரில் விமானம் மாறக் காத்திருப்பவர்களை சாங்கி விமான நிலையமே இலவசமாக ஊர் சுற்றிக் காட்டி அனுப்புகிறது. நம் நெடுஞ்சாலைப் பேருந்து நிலையங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் சேலத்திலோ ஆத்தூரிலோ உங்கள் வேலை மறுநாள்தான் என்றால், இங்கே இறங்கி அரை நாளை உருப்படியாகக் கழிக்கலாம்.

முதலில் இறங்குகிற விஷயம். சென்னை–சேலம் பேருந்துகளில் பல ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே போய்விடும். ஏறும்போதே “கள்ளக்குறிச்சி உள்ளே போகுமா?” என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேட வேண்டியிருக்கும். ரயிலில் வருபவர்களுக்குச் சின்னசேலம்தான் நிலையம். எழும்பூரிலிருந்து சேலம் போகும் இரவு ரயில் விடியும் முன்பே அங்கே இறக்கிவிடும். அரை நாள் பயணத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

கையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்து, விடிகாலையிலேயே வந்து சேர்ந்திருந்தால் கல்வராயன் மலை. அதற்குக் குறைவாக இருந்தால் மலையை மறந்துவிடுங்கள். இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மேலே வெள்ளிமலை வரை ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் என்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அதைவிட முக்கியம், கீழே இறங்குகிற பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் கள்ளக்குறிச்சி நிலையத்திலேயே விசாரித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது. நாலைந்து பேராக வந்திருந்தால் வாடகைக் கார் பேசிவிடுவதே நல்லது. பெட்டி பெரிதாக இருந்தால் மலைப் பேருந்து சரிப்படாது.

சாப்பாட்டைக் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே கடைகள் உண்டு, ஆனால் உங்களுக்குப் பசிக்கிற நேரத்தில் அங்கே சோறு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொஞ்சம் சில்லறையாகப் பணமும் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் போய்விட்டால் ஜிபே உதவாது.

வழி கச்சிராயபாளையம். இருபுறமும் கரும்பு. கள்ளக்குறிச்சி 2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவைக் காலத்தில் வந்தால் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்து நேரம் விடுங்கள். ஊரைத் தாண்டியதும் மலையடிவாரத்தில் கோமுகி அணை. 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம். மழைக்காலத்தில் அணை ததும்பும்போது இறங்கிப் பார்க்கலாம். கோடையில் தாண்டிப் போய்விடுங்கள், நஷ்டமில்லை.

மலைப்பாதையில் பெரியார் நீர்வீழ்ச்சி சாலையோரமாகவே இருக்கிறது. நேரம் குறைந்தவர்களுக்கு இதுதான் அருவி. மேகம், கவியம் என்று இன்னும் அழகான அருவிகள் உண்டு, ஆனால் அவற்றுக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். மாலை பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நன்றாக விழும். சித்திரையில் பாறை மட்டும்தான் மிஞ்சும். மேலே கனமழை பெய்தால் அருவிக்குப் போகத் தடை போடுவார்கள். தடுப்பைத் தாண்டிக் குதிக்கிற வேலை வேண்டாம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து காட்டாற்று வெள்ளம் வந்துவிடும்.

கரியாலூரில் படகுத் துறையும் பூங்காவும் இருக்கின்றன. குழந்தைகள் கூட இருந்தால் இறங்குங்கள். எனக்கு அதைவிட மலைக் கிராமங்களின் ஓரமாக மெதுவாக நடப்பது பிடிக்கும். சாமைக் கொல்லை, மரவள்ளி, பருவத்தில் பலா. கடுக்காய்க்கும் இந்த மலை பேர்போனது. தேனோ கடுக்காயோ வாங்குவதாக இருந்தால் மேலேயே வாங்குங்கள். மலைக்காரரிடம் நேராகக் காசு போய்ச் சேரும்.

இங்கு வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. இந்த மலை வெகுகாலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தாரர்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து, 1976இல்தான் அரசு மலையை முழுமையாக எடுத்துக்கொண்டது. பள்ளியும் சாலையும் ஆஸ்பத்திரியும் தாமதமாக வந்ததற்குக் காரணம் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்துக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, பேச்சு இந்த மலைப் பக்கமும் திரும்பியது. மலை மக்களின் நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணையைக் கையில் எடுத்தது. ஆகவே வேடிக்கைக்கும் அங்கே போய்ச் சாராயத்தைப் பற்றி விசாரிக்காதீர்கள். கேட்காமல் வீட்டையும் பெண்களையும் போட்டோ எடுக்காதீர்கள். பாட்டிலோடு மலையேறுகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி எழுதப்படவில்லை.

சேலம்தான் போக வேண்டும், வண்டியும் சொந்த வண்டி என்றால் வந்த வழியே இறங்க வேண்டியதில்லை. வெள்ளிமலையிலிருந்து கருமந்துறை பக்கம் போய், சேலம் மாவட்டத்துக்குள் இறங்கிவிடலாம். கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. இருட்டிய பிறகு இந்த வழி வேண்டாம்.

மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ஊரிலேயே மரச்சிற்பம் பாருங்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதை ஒரு மணி நேரம் கவனித்தாலே போதும். வாகைக் கட்டையில் பென்சிலால் கோடு இழுத்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி முதலில் தடித்த உளியால் உருவத்தை எடுப்பார்கள். பிறகு உளி சிறுத்துக்கொண்டே வரும். மாலையின் மணி, விரல் நகம் என்று வரும்போது தட்டுகிற சத்தமே கேட்காது, கையால் அழுத்தித்தான் சீவுவார்கள். வாங்கப் போகிறீர்கள் என்றால் பாலிஷ் ஏறாத சிலையைக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டுப் போட்டிருந்தால் அதில்தான் தெரியும்.

கோட்டை பிடிக்கும் என்றால் உளுந்தூர்பேட்டை சாலையிலேயே தியாகதுருகம். கர்நாடகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட மலைக்கோட்டை, உச்சியில் பீரங்கிகள் இருக்கின்றன. காலையிலேயே ஏறிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.

மரச்சிற்பம் பார்த்த கையோடு திருக்கோவிலூர் போகிறவர்கள் உண்டு, நானும் அதைத்தான் சொல்வேன். உலகளந்த பெருமாள் கோயில் மூலவர் மரத்தால் ஆனவர் என்பார்கள். ஒரு காலை உயரத் தூக்கி நிற்கிற அந்த உருவத்தை, உளி வேலையைப் பார்த்த கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். பக்கத்திலேயே வீரட்டானேசுவரர் கோயில், தென்பெண்ணையில் கபிலர் குன்று. பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு வீரட்டானத்தில் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

ஞாயிறு மாலை சென்னை திரும்புவதாக இருந்தால் புறவழிச்சாலையில் நின்று கை காட்டாதீர்கள். சேலத்திலிருந்து வருகிற வண்டிகள் நிரம்பித்தான் வரும். பேருந்து நிலையத்துக்குள் போய், கள்ளக்குறிச்சியிலிருந்தே புறப்படுகிற வண்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.