வியாகுலத்தை வாய்விட்டுச் சொல்லலாமா?



பூசைக் கருத்துக் கொடுக்க வருகிறவர்கள் எழுதித் தரும் சீட்டுகளைப் பார்த்தால் ஒரு காரியம் விளங்கும். புற்றுநோய் என்றால் புற்றுநோய் என்றே எழுதுகிறார்கள். மூட்டு ஆபரேஷன், பிள்ளையின் பரீட்சை, குவைத்து விசா, கடன் உபத்திரவம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுகிறார்கள். ஆனால் வீட்டில் ஒருவர் மாதக்கணக்காய் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாலும், இரா முழுவதும் தூங்காமல் முற்றத்தில் உலாவினாலும், இந்த உயிர் எனக்கு எதற்கு என்று புலம்பினாலும், சீட்டில் 'ஒரு விசேஷக் கருத்துக்காக' என்று மாத்திரமே இருக்கும். அந்த விசேஷக் கருத்தைப் பற்றியே இந்த வாரப் பாடம்.

'மனம் உடைந்து போவது விசுவாசக் குறைவல்லவா? தினமும் ஜெபமாலை சொல்லுகிறவனுக்கு மனோ வைத்தியர் எதற்கு?' என்று கேட்கிறவர்கள் உண்டு. இவர்கள் பெரும்பாலும் நல்ல பக்தியுள்ளவர்களே. ஆயினும் வருடந்தோறும் பெரிய வியாழன் இரவில் தேவநற்கருணை முன் முழங்காலில் இருந்து எதைத் தியானிக்கிறோம் என்பதை அவர்கள் சற்று நினைக்கட்டும். நமது ஆண்டவர் பூங்காவனத்துக்குள் போகும்போது மற்றச் சீஷர்களை ஓரிடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரை மாத்திரம் கூட்டிக்கொண்டு போனார். பிதாவின் முன் முகங்குப்புற விழுவதற்கு முன்னரே, தமது ஆத்துமத்தின் துக்கம் உயிரே போகும் அளவுக்கு இருக்கிறதென்று அந்த மூவரிடமும் வாய்விட்டுச் சொன்னார். தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். தேவ சுதனானவர் மனிதரிடம் தம் மனத்துயரத்தைச் சொன்னது விசுவாசக் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்?

அவர் எல்லாரிடமும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். பதினொரு பேரில் மூவரையே தெரிந்துகொண்டார். ஆகையால் வெளிப்படையாய்ப் பேசுவது என்றால் தெருவில் நின்று சொல்லுவது என்று அர்த்தமல்ல. நம்பத்தகுந்த இரண்டு மூன்று பேர் போதும். அந்த மூவரும் தூங்கிப்போனார்கள் என்பது நமக்கு வெட்கமான சமாசாரம். ஆனாலும் ஆண்டவர் மூன்று தடவை அவர்களிடம் திரும்பி வந்தார்.

பழைய ஏற்பாட்டில் எலியாஸ் தீர்க்கதரிசியின் கதையும் இப்படித்தான். எசபேல் இராணிக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒரு நாள் வழி நடந்து, ஒரு செடியின் நிழலில் உட்கார்ந்து, இனிச் சாவு வந்தால் போதுமென்று சர்வேசுரனிடம் கேட்டார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்த தீர்க்கதரிசி அவர்! சர்வேசுரன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார். சம்மனசு வந்து தட்டியெழுப்பி, சுட்ட அப்பமும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தது. அவர் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாந் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னது. நாற்பது நாள் நடந்து ஒரேப் மலை சேர்ந்த பிறகுதான், இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி வந்தது. நாமோ சோர்ந்து கிடப்பவனை முதல் நாளே உட்கார வைத்துப் பிரசங்கம் பண்ணுகிறோம்.

இனி, துக்கம் வேறு, வியாதி வேறு. சாவு வீட்டில் அழுவதும், பயிர் அழிந்தால் கலங்குவதும் வியாதியல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, நாள் முழுதும், அநேகமாய் ஒவ்வொரு நாளும் மனம் இருண்டு கிடந்தால், விடியுமுன்பே விழிப்பு வந்து பிறகு தூக்கம் பிடியாவிட்டால், பசியும் பிரியமும் அற்றுப்போனால், செய்யாத குற்றத்துக்கெல்லாம் தானே காரணம் என்று தோன்றினால், அது பெரும்பாலும் வியாதியே. நம் ஜனங்கள் இதைத் துக்கமென்று சொல்லமாட்டார்கள். நெஞ்சு கனக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்பார்கள். ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுத்துப் பணம் கரைவதும் உண்டு. இதற்கு மருந்து இருக்கிறது. அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் குணம் தெரியவில்லையென்றோ, கொஞ்சம் தேறியவுடன் இனி வேண்டாமென்றோ வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிடக் கூடாது.

வெட்கத்தினால் மறைக்கிற குடும்பங்களுக்கு ஓர் அர்ச்சியசிஷ்டவரின் குடும்பத்தைக் காட்ட விரும்புகிறேன். அர்ச். குழந்தை தெரேசம்மாளின் சுரூபம் இல்லாத கோயில் நம் நாட்டில் அபூர்வம். அவள் தகப்பனார் லூயி மார்ட்டின் பிரான்சு தேசத்தில் அலான்சோன் நகரில் கடிகாரக் கடை வைத்திருந்தவர். 1877-ல் மனைவி செலி புற்றுநோயால் இறந்தபின், ஐந்து பெண்பிள்ளைகளோடு லிசியு நகருக்குக் குடிபோனார். கடைசி மகள் தெரேசா 1888 ஏப்ரலில் பதினைந்து வயதில் கார்மேல் மடம் புகுந்தாள். அந்த வருடமே தகப்பனாரின் புத்தி தடுமாறத் தொடங்கியது. ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். நாலாம் நாள் ஹாவர் துறைமுகத்தில் கண்டுபிடித்தார்கள். அப்புறம் பயங்கரக் காட்சிகள் கண்டவராய்க் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக எண்ணித் துப்பாக்கியைக் கையில் எடுத்ததனால், 1889 பிப்ரவரி 12-ந் தேதி கான் நகரிலுள்ள போன் சோவேர் என்ற மனநோய் ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஊர் சும்மா இருக்குமா? மகள்மார் ஒவ்வொருவராய் மடத்துக்குப் போனதால்தான் கிழவருக்கு இந்தக் கதி, முக்கியமாய்ச் செல்ல மகள் போனதுதான் காரணம் என்று பேசினார்கள். அந்தப் பேச்சு மடத்துச் சுவரைத் தாண்டி உள்ளேயும் வந்தது. மகள்மார் என்ன செய்தார்கள்? செலினும் லெயோனியும் சில மாதம் கான் நகரிலேயே தங்கித் தகப்பனாரைப் பார்த்துவந்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் அவர் அங்கே இருந்தார். புத்தி தெளிந்த நாட்களில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை. 1892 மே மாதம், கால்கள் விழுந்துபோன நிலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1894 ஜூலை 29-ல் செலினின் பராமரிப்பில் நல்ல மரணம் அடைந்தார்.

தெரேசா 1895-ல் தன் சரித்திரத்தை எழுதத் தொடங்கியபோது இதை ஒளிக்கவில்லை. தகப்பனாரின் பாடுகளை வெட்கமாக அல்ல, குடும்பத்துக்குக் கிடைத்த செல்வமாக எழுதிவைத்தாள். 2015 அக்டோபர் 18-ந் தேதி காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், லூயியையும் செலியையும் சேர்த்து அர்ச்சியசிஷ்டப் பட்டம் சூட்டினார். மனநோய் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் இருந்த ஒருவர் பீடத்தில் வணங்கப்படுகிறார். நாம் அப்படிப்பட்ட ஒரு தகப்பனாரைப் பின்கட்டு அறையில் பூட்டி வைத்து, பம்பாயில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லுகிறோம்.

பூட்டி வைப்பதும் சங்கிலி போடுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அது வேறு மதத்தாரின் ஸ்தலத்தருகே நடந்ததென்று நாம் கையைக் கழுவ வேண்டாம். பேய் பிடித்ததென்று நம்முடைய கோயில்களுக்குக் கொண்டுவந்து விடுகிறவர்கள் இல்லையா? பேயோட்டும் சடங்கை மேற்றிராணியாரின் உத்தரவு பெற்ற குருவானவர் மட்டுமே செய்யலாம். அதற்கு முன் வியாதி அல்ல என்று நிச்சயப்படுத்த வேண்டும் என்பதும் திருச்சபையின் கட்டளை. புண்ணிய ஸ்தலத்துக்குப் போங்கள், மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள்.

'சொன்னால் என் பெண்ணுக்கு வரன் வராதே' என்கிற தாய்மாரின் பயம் எனக்குத் தெரியும். அது வெறும் பயமல்ல, நம் சமுதாயம் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் பாரதூரமான வியாதியை வஞ்சகமாய் மறைத்துச் சம்மதம் வாங்குவது பெரிய ஆபத்து. தம்பதிகளின் வாழ்வைக் கடுமையாய்க் குலைக்கக்கூடிய ஒரு நிலையை மறைத்து ஏமாற்றினால் விவாகமே செல்லாது என்று 1983-ம் வருடத்துத் திருச்சபைச் சட்டம் 1098-ம் பிரிவில் சொல்லுகிறது. வைத்தியம் செய்து குணமாகிற மனச்சோர்வு விவாகத்துக்குத் தடையல்ல. அதை மறைத்து, புகுந்த வீட்டில் மாத்திரை சாப்பிட வழியில்லாமல் அந்தப் பெண் மறுபடி விழுந்துபோவதே துன்பம்.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பாவத்துக்கு மருந்து, வியாதிக்கு அல்ல. மன்னிக்கப்பட்ட பாவத்தையே வாராவாரம் திரும்பத் திரும்பச் சொல்லியும் சமாதானம் வராதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு வேண்டியது இன்னொரு அபராதமல்ல. நல்ல வைத்தியரிடம் போகச் சொல்லுவதும் ஆத்தும குருவின் கடமை என்றே நான் எண்ணுகிறேன்.

வீட்டில் ஒருவர் சொல்லத் தொடங்கினால், 'உனக்கு என்ன குறை? சோறு இல்லையா, துணி இல்லையா?' என்று வாயை அடைக்காதீர்கள். கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சாகவேண்டும் என்று நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதினால் இல்லாத எண்ணம் புகுந்துவிடாது. கேட்டவுடன் பாரம் இறங்கி அழுகிறவர்களே அதிகம். முயற்சி செய்து பிழைத்தவரைப் போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்கவும் வேண்டாம். அவர் கடும் மனவேதனையில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பது 2017-ம் வருடத்து மனநலச் சட்டம்.

ஏற்கெனவே இப்படி ஒருவரை இழந்த குடும்பங்கள் இதை வாசிக்கும். 1917-ம் வருடத்துச் சட்டத்தில் வேண்டுமென்றே உயிரைப் போக்கிக்கொண்டவருக்குத் திருச்சபையின் அடக்கம் மறுக்கப்பட்டிருந்தது. 1983-ம் வருடத்துச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. உயிர் சர்வேசுரனுடையது, அதைப் போக்கிக்கொள்வது பாரதூரமான காரியம் என்ற போதனை மாறவில்லை. ஆனால் கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் குற்றத்தின் பாரத்தைக் குறைக்கும் என்றும், அவர்கள் நித்திய இரட்சணியத்தைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாமென்றும் 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம் சொல்லுகிறது. அவர்கள் பெயரைச் சொல்லிப் பூசைக் கருத்துக் கொடுங்கள். பெயரை மறைக்க வேண்டாம்.

தெரேசம்மாள் 1897-ல் சயரோகத்தின் கடைசி வேதனையில் கிடந்தபோது, இவ்வளவு வேதனைப்படும் நோயாளிகளின் கைக்கெட்டும் இடத்தில் விஷமுள்ள மருந்துகளை வைக்க வேண்டாமென்று தன் சகோதரியிடம் சொன்னாள். விசுவாசம் இல்லாவிட்டால் தானே அந்தச் சோதனையில் விழுந்திருக்கக் கூடும் என்பதையும் ஒளியாமல் சொன்னாள். நம் வீடுகளில் பூச்சிமருந்து டப்பா கட்டிலுக்கடியிலும் அடுப்பங்கரை அலமாரியிலும் இருக்கிறது. எலி மருந்து ஜன்னல் மேல் இருக்கிறது. வயலுக்கு வேண்டியதை வேண்டிய அன்று வாங்குங்கள். மீதி இருந்தால் பூட்டி, சாவியைத் திடமனதுள்ள ஒருவரிடம் கொடுங்கள். மனம் சோர்ந்தவர் இருக்கிற வீட்டில் இதை இன்று சாயந்திரமே செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநோய்ப் பிரிவு உண்டு. இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணுக்குச் செலவின்றிப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள். தனியே போகத் தயங்குகிறவர்கள் பங்கு வீட்டுக்கு வந்து சொன்னால், கூடவே வர ஆள் அனுப்புகிறோம்.